அர்மாஸ் கொட்டிய மணல்

இனி செத்தாலும் கோடாரியைத் தொடுவதில்லை என்று அர்மாஸ் முடிவு செய்துவிட்டார். பின்லாந்தில் குளிர்காலம் என்பது வந்துபோகும் விருந்தாளி அல்ல, வீட்டோடு மாப்பிள்ளை. அதற்குத் தீனி போட்டே மனிதருக்கு முதுகு போய்விட்டது. பிர்ச் மரத்தைப் பிளந்து, அடுக்கி, அடுப்பில் திணித்து, மறுபடி பிளந்து... அலுத்துவிட்டது. ஒரே ஒரு குளிர்காலமாவது கையைக் காலை நீட்டி உட்கார்ந்துவிட வேண்டும். வேறெந்த ஆசையும் இல்லை.

பழைய இரும்புத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொல்லையில் நிறுத்தி, விளிம்பு வரை மணலைக் கொட்டினார். மனைவி இர்மெலி காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மண்டையில இருந்ததையெல்லாம் தொட்டிக்கு மாத்திட்டீங்களா?"

"சிரிக்காதே. காத்து நல்லா அடிக்கிற அன்னிக்கு காற்றாலைக் கரண்டு சல்லிசா வரும். அதுல மணலைச் சுட வச்சுட்டா வாரக்கணக்குல ஆறாது. சூடு குழாய் வழியா வீட்டுக்குள்ள வந்துடும்."

"இதுக்கெல்லாம் கெடைக்காத சாமான் நெறைய வேணும்னு சொல்வாங்களே?"

"அதான் விஷயமே! லித்தியம் வேணாம், கோபால்ட் வேணாம். வெறும் மணல். ஊர் பூராக் கொட்டிக் கெடக்கு."

"அப்ப விறகு?"

"தலைமுழுகிட்டேன்."

இர்மெலி கொல்லையில் மிச்சமிருந்த விறகு அடுக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு இருந்த அசதியில் அர்மாஸ் அதைக் கவனிக்கவில்லை.

மணல் வேலை செய்தது. வீடு முழுக்கக் கதகதப்பு. அந்தக் களிப்பில் கொல்லையிலிருந்த சௌனாவுக்கும், அதாவது ஆவிக் குளியல் அறைக்கும், ஒரு குழாயை இழுத்துவிட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை இருவரும் சௌனாவில் உட்கார்ந்தார்கள். சௌனாவுக்குள் கோயிலில் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும். குரல் உயர்த்தக் கூடாது, மறுத்துப் பேசக் கூடாது. அர்மாஸ் பிறந்த நாளிலிருந்து மீறாத கட்டுப்பாடு அது.

இர்மெலி சூடான கற்கள்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள்.

"வீட்டுக்கு மணல் சூடு அருமைங்க. ஆனா சௌனாவுக்கு விறகுதான். அந்தப் புகை வாசம் இல்லாம குளிச்ச மாதிரியே இல்ல."

அர்மாஸ் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

இன்னொரு கரண்டி. "அதான் வீட்டு விறகு மிச்சமாச்சே. இனிமே புதன்கிழமையும் சௌனா போட்டுடலாம்."

அர்மாஸ் பல்லைக் கடித்தார்.

"எங்க அக்கா சிர்க்கா பாவம், ஒண்டிக்கட்டை. அவ வீட்டு சௌனாவுக்கும் நீங்களே பிளந்து குடுத்துடுங்க."

எழுந்து ஓடிவிடலாம். ஆனால் பெண்டாட்டிக்கு முன்னால் சூடு தாங்காமல் ஓடினவன் என்று சிர்க்கா ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பாள். வெந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

வெளியே பனியில் கால் வைத்ததும்தான் குரல் வந்தது.

"முடியவே முடியாது! நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"உள்ளே வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"உள்ளே எப்படிச் சொல்றது?"

"அதனாலதானே உள்ளே கேட்டேன்."

மறுநாள் காலை பிர்ச் கட்டைகளோடு மல்லுக்கு நின்றார். முதுகு கெஞ்சியது. இத்தனை வருஷமாக அவருக்கிருந்த ஒரே தப்பிக்கும் வழி, அடுப்புக்கு விறகு போடுகிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்சம் குளிர்காய்வதுதான். பழக்கதோஷத்தில் கோடாரியைக் கீழே வைத்தார்.

"இர்மெலி, அடுப்பு அணைஞ்சிடப் போவுது, பார்த்துட்டு வந்துடறேன்!"

சன்னல் திறந்தது.

"வேணாங்க, மணல் பார்த்துக்குது. நீங்க நிதானமா வெட்டுங்க."