மூலத்தில் அப்படி இல்லை

மனிதர்களில் ‘மூலவர்’ என்று ஓர் இனம் உண்டு. கருவறையில் இருப்பவரைச் சொல்லவில்லை, அவர் பேசமாட்டார். நான் சொல்கிற மூலவர் திரையரங்கில் உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பார். தனக்குப் பிடித்த புத்தகத்தைப் படமாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சோறு தண்ணீர் இறங்காமல், முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நடிகரின் மூக்கைத் திட்டி, இயக்குநரின் பரம்பரையைத் திட்டி, ‘இந்தப் படத்தை நான் பார்க்கவே மாட்டேன்’ என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, முதல் காட்சிக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். ஏன் போகிறார்? நன்றாக இல்லை என்று சொல்வதற்காவது பார்த்தாக வேண்டாமா?

எங்கள் வீட்டில் அப்படி ஒருவன் இருக்கிறான். என் தம்பி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும் என்று பத்து வருடமாகப் பயந்து பயந்து வேலை செய்தவனுக்கு, உலகத்தில் எது பிசகினாலும் தலைவலி வர ஆரம்பித்துவிட்டது.

அவன் உயிர், இருபத்தேழு புத்தகங்களாக வந்த ஒரு ஜப்பானியப் படக்கதை. அதை மாங்கா என்று சொல்ல வேண்டுமாம். “மாங்காய்க்கு எதுக்குடா கண்ணாடி அலமாரி?” என்று அப்பா கேட்டதற்கு அவன் நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஆற்றுப் பாலம் ஒன்றைக் காவல் காக்கிறான் ஒருவன். கையில் குடை, கூடவே பேசுகிற ஆமை. ஆற்றிலிருந்து பூதங்கள் ஏறி வரும். அவ்வளவுதான் கதை. அந்தப் புத்தகங்களைத் தொட வேண்டுமென்றால் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். பாதிக்கு மேல் விரித்துப் பிடிக்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே கொண்டுபோக யாருக்கும் அனுமதி கிடையாது. பெற்ற தாய்க்கே கிடையாது, அவள் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு பெண்ணைப் பிடித்துப் போயிற்று. கடைக்கு எதிரே பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். மூன்று மாதம் தயங்கி, இல்லாத பல்வலிக்கு இரண்டு முறை பல்லைக் காட்டி, கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேவிட்டான். அவள் யோசித்தாள். “ஒரு படத்துக்குப் போவோம். பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

ஊரில் ஓடிய படங்கள் ஆறு. அவள் தேர்ந்தெடுத்தது, அந்த மாங்காவைப் படமாக எடுத்திருந்த பாலத்துக் காவலனை.

“அண்ணா, நீயும் வா. நான் வாயத் தொறந்தா கையில கிள்ளு” என்றான் தம்பி. போனேன். அவனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மதியக் காட்சி.

விளக்கு அணைந்தது. முதல் காட்சியிலேயே காவலன் குடையை வலது தோளில் சாத்திக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

“மூலத்துல எடது தோளு.”

கிள்ளினேன்.

“தலைமுடி இந்தப் பச்சை இல்ல. இது கீரைப் பச்சை. மூலத்துல பாசிப் பச்சை.”

“புத்தகம் கறுப்பு வெள்ளைதானே?” என்றாள் அவள், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

“அட்டையில கலர் இருக்கும்” என்றான் தம்பி, மேல்முறையீடு இல்லாத தீர்ப்பைப் போல.

அப்புறம் மடை திறந்துவிட்டது. ஆமை சிரித்தால், மூலத்தில் ஆமை சிரிக்காது. பூதம் மூன்று விரலோடு வந்தால், மூலத்தில் நாலு. மழை பெய்தால், மூலத்தில் அன்றைக்குத் தூறல்தான். நான் கிள்ளிக் கிள்ளி என் நகம் தேய்ந்தது, அவனுக்கு உறைக்கவில்லை. முன் வரிசையில் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் நெளிந்துகொண்டே இருந்தார். இடைவேளைக்குச் சற்று முன் பொறுக்க முடியாமல் திரும்பினார். கோபமாக அல்ல, அன்பாக.

“தம்பி, மூலம் இருந்தா இவ்வளவு நேரம் ஒரே எடத்துல உக்காரக் கூடாது. எனக்கும் இருந்தது. எழுந்து கொஞ்சம் நடந்துட்டு வாங்க.”

நான்கு வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள். தம்பி இருட்டிலேயே சிவந்தான். கல்யாணம் கைநழுவிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போதாவது நிறுத்தினானா? மூலவர்கள் நிறுத்துவதில்லை. குரலை மட்டும் குறைத்துக்கொண்டான்.

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். காவலனின் அம்மா பாலத்தில் நடந்து வருகிறாள். நினைவு தப்பிய கிழவி. மகனை அடையாளம் தெரியவில்லை. “வழி விடுப்பா” என்கிறாள். அவன் தான் யாரென்று சொல்லவில்லை. மழை. குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி, அடுத்த கரை வரைக்கும் கூடவே நடக்கிறான். அவ்வளவுதான் காட்சி.

நான் கிள்ளுவதற்குக் கையைத் தயாராக வைத்திருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்து தருகிறவன் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். துடைக்கத் துடைக்க ஈரம் கூடிக்கொண்டே போனது.

வெளியே வந்தோம். அவள் படியிலேயே நின்றாள்.

“மொத்தம் நாப்பத்தோரு தடவ ‘மூலத்துல இப்படி இல்ல’ன்னு சொன்னீங்க. எண்ணினேன்.”

தம்பி தரையைப் பார்த்தான்.

“அந்த அம்மா வர்ற எடம் மூலத்துல இருக்கா?”

“இல்ல. மூலத்துல அம்மா மொதப் பக்கத்துக்கு முன்னாடியே செத்துடுவாங்க.”

“அப்போ அங்க ஏன் எதுவும் சொல்லல?”

 என்னைப் பார்த்தான். ஏதோ வங்கிக் கொள்ளையை ஒப்புக்கொள்கிறவனைப் போல மெதுவாகச் சொன்னான்.

“நல்லா இருந்துச்சு.”

பிறந்ததிலிருந்து அவனைத் தெரிந்தவன் நான். ஒரு படத்தைப் பற்றி அவன் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கையை நீட்டினாள். “புத்தகத்தக் குடுங்க. படிச்சுட்டுப் பதில் சொல்றேன்.”

அன்று மாலையே இரண்டு பைகளில் இருபத்தேழு புத்தகங்களும் வீட்டை விட்டுக் கிளம்பின. பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கழுவச் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமலே மூடிக்கொண்டான். காதல் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

ஒரு மாதம் கழித்துப் பைகள் திரும்பி வந்தன. ஒன்பதாவது புத்தகத்தில் காப்பிக் கறை. தம்பி அதைப் பார்த்தான், எச்சில் விழுங்கினான், அலமாரியில் வைத்தான். அவள் சரி என்று சொல்லியிருந்தாள்.

கல்யாணம் முடிந்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். போன வாரம் இரண்டாம் பாகம் வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். பழைய ஞாபகத்தில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. சத்தம் அவனைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

“மூலத்துல இந்தச் சண்டை பகல்ல நடக்கும்.”

“ஆமா, பதினாலாவது புத்தகம்” என்றான் தம்பி பெருமையாக.

“பதினஞ்சாவது” என்றாள் என் தம்பி மனைவி.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தான். பதினைந்தாவதுதான். இப்போதெல்லாம் அந்த வீட்டில் அவன் ரொம்ப அடக்கமாகப் பேசுகிறான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் படக்கதைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லும்போது, ஆமையை நாய் என்றோ, பல் மருத்துவமனையைக் கண் மருத்துவமனை என்றோ மாற்றிச் சொல்வார்கள். கேட்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில், “இரு இரு, அது அப்படி இல்ல” என்று உங்கள் நாக்கு நுனி வரைக்கும் வருகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கையைக் கொடுத்துக் கிள்ளச் சொல்லுங்கள். உறைக்காது. இருந்தாலும் சொல்லி வையுங்கள்.