சுலைகோவின் பெல்ட் என் இடுப்பில் ஏறிய விவரம்

தாஷ்கந்தில் வசிக்கும் மதிப்புக்குரிய அண்ணன் கோல்முரோத் அவர்களுக்கு,

தெனாவிலிருந்து தம்பி போரிபாய் பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணியின் சர்க்கரை குறைந்ததா? பேரப்பிள்ளைகளும் மொட்டைமாடிப் புறாக்களும் சௌக்கியமா? இங்கே நானும் மனைவி கும்ரியும் மகள் சுலைகோவும் மாதுளை மரங்களும் நலம். என் விலா எலும்பு ஒன்று மட்டும் நலமாக இல்லை. அதற்குப் பளுதூக்கும் சுலைகோவுக்குத் தாங்கள் ஆசையாக அனுப்பிய தோல் பெல்ட்டே காரணம். குறை சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நியாயத்தைத் தாங்களே சொல்லுங்கள்.

பேருந்து ஓட்டுநர் கையில் அந்தப் பெல்ட் வந்து சேர்ந்த அன்றே வீடு இரண்டுபட்டுவிட்டது. பெரிய எடை தூக்கும்போது இதைக் கட்டாவிட்டால் முதுகு போய்விடும் என்று தாங்கள் தொலைபேசியில் சொன்னதைக் கும்ரி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பெற்ற இடுப்பையே துணி போட்டு இறுக்கிக் கட்டுகிறோம், நூறு கிலோ தூக்குகிற இடுப்பைச் சும்மா விடுவதா என்பது அவள் கட்சி. என் கட்சி தங்களுக்குத் தெரியாததல்ல. குராஷ் மல்யுத்தத்தில் எதிராளி நம் இடுப்புக் கச்சையைப் பிடித்துத்தான் தூக்கி அடிப்பான். நானும் அப்படித்தான் பலரை அடித்தேன், பலரிடம் அடியும் வாங்கினேன். ஆகவே பெல்ட் என்பது எதிரிக்கு நாமே செய்து கொடுக்கும் கைப்பிடி. இதைச் சுலைகோவின் பயிற்சியாளர் லாரிசாவிடம் போய் விளக்கமாகச் சொன்னேன். அந்தக் கொரியக்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இரும்புக்குக் கை கிடையாதுண்ணே. யாரு வந்து பிடிக்கப் போறா?" என்றாள். அப்புறம் அவளும் ஒரு பாடம் எடுத்தாள். பெல்ட் நம்மைத் தாங்காதாம். மூச்சை வயிற்றில் நிரப்பி, நாம்தான் பெல்ட்டை எதிர்த்து முட்ட வேண்டுமாம், அப்போது முதுகு அசையாமல் நிற்குமாம். சின்ன எடைக்கெல்லாம் கட்டிப் பழகினால் வயிறு சோம்பேறியாகிவிடுமாம். கடைசிப் பெரிய எடைக்குக் கட்டலாமாம், கட்டாமலும் தூக்கலாமாம், அவரவர் உடம்பைப் பொறுத்ததாம். இதெல்லாம் ஒரு பதிலா அண்ணா? சுலைகோவைக் கேட்டால், மேடையில் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள்.

இந்த இழுபறியிலேயே தெர்மிஸ் நகரத்துப் போட்டி வந்துவிட்டது. அவள் பிரிவில் ஜெயிக்கிற ஒருத்திக்குத்தான் தேசிய அணியில் இடம். தோற்றால் இதோடு விட்டுவிடுகிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். கும்ரி அதற்காகவே ஒரு மாப்பிள்ளை வீட்டாரை நிறுத்தி வைத்திருந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வழியில் சம்பந்தி முறைக்காரர் வீட்டில் ஆட்டுக்கறிப் புலாவை இரண்டு தட்டு கட்டாயப்படுத்திப் போட்டுவிட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பைக்குள் பெல்ட் மொடமொடவென்று கிடந்தது. அப்பா ஞாபகம் வந்தது. புதுக் கச்சையை நமக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவர் ஒருமுறை தம் இடுப்பில் கட்டி, காலைத் தரையில் உதைத்து, ஆசீர்வாதம் செய்து கழற்றித் தருவாரே, அதைச் செய்யாமல் என் மகள் கன்னிப் பெல்ட்டைக் கட்டி மேடை ஏறுவதா? கட்டுவதே தப்பு, கட்டத்தான் போகிறாள் என்றால் முறையாகக் கட்டட்டும். அங்கிக்குள்ளே கையை விட்டு இடுப்பில் சுற்றினேன். மூச்சை உள்ளே இழுத்து, பக்கத்திலிருந்தவரை ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லி, கடைசி ஓட்டையில் கொக்கியை மாட்டினேன். காலை உதைத்தேன். ஆசீர்வாதமும் செய்தேன். கழற்றத்தான் முடியவில்லை. புலாவ் உள்ளே பெருகிக்கொண்டே இருந்தது. மூச்சு வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. பக்கத்துக்காரர் இழுத்த இழுப்பில்தான் அந்த விலா போயிற்று.

மேடையில் புகாராப் பெண் நூற்றிரண்டு தூக்கிவிட்டாள். சுலைகோவுக்கு மிச்சம் ஒரே முறை, நூற்றைந்து. திரை ஓரத்தில் வந்து நின்று என்னைப் பார்த்துத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். பெல்ட் கேட்கிறாள் அண்ணா! நான் என்ன செய்வேன்? எழுந்து அங்கியை விலக்கிக் காட்டினேன். அரங்கமே பார்த்தது. அவளுக்கான ஒரு நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அவள் என்னையே ஒரு கணம் பார்த்தாள், பிறகு வெறும் இடுப்போடு மேடைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் குராஷில் பரிசாக ஜெயித்த ஹிசோர் இனச் செம்மறிக் கிடாயை வண்டியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த எடையை, ஐம்பத்தொன்பது கிலோகூட இல்லாத என் மகள், நான் குளிப்பாட்டி வளர்த்த குழந்தை, தோளுக்கு ஏற்றினாள். கண்ணை மூடித் திறந்தாள். தலைக்கு மேல் உயர்த்தி அப்படியே நின்றாள். கம்பிதான் ஆடியது, அவள் ஆடவில்லை. இவளை நானா பெற்றேன் என்று வாய்விட்டு அழுதேன், அழக்கூட மூச்சு போதவில்லை. தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்ததும், லாரிசாவிடம்கூடப் போகாமல் மேடையிலிருந்து குதித்து நேரே என்னிடம் ஓடி வந்தாள். ஒரே கையால் கொக்கியைச் சுண்டிக் கழற்றி என்னைக் கட்டிக்கொண்டாள். ஜெயித்ததும் முதலில் தகப்பனிடம் ஓடி வருகிற பெண்ணைத் தாங்கள் பார்த்ததுண்டா?

ஆகவே அண்ணா, விவகாரம் தீர்ந்தது. என் மகளுக்குப் பெல்ட் வேண்டாம். பெற்றவன் மேல் வைத்த நம்பிக்கையே அவள் முதுகுக்குப் போதும். பெல்ட்டை மாதுளம்பழப் பெட்டியில் வைத்து அதே ஓட்டுநரிடம் திருப்பி அனுப்புகிறேன், வருத்தப்பட வேண்டாம். தங்கள் வீட்டில் ரொட்டியும் விருந்தும் குறையாமல் இருக்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம், சிறுசுகளுக்கு முத்தங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
போரிபாய்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சுலைகோ இதைப் படித்துவிட்டாள். படித்து முடித்து அவள் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்: "நம்பிக்கையுமில்ல ஒண்ணுமில்லப்பா. உங்க மூஞ்சி கத்திரிக்கா கலர்ல இருந்துச்சு. செத்துப் போயிடுவீங்களோன்னு பயந்து, சட்டுன்னு தூக்கிட்டு ஓடியாந்தேன். அன்னையிலேர்ந்து குனிய முடியல. இனிமே பெரிய எடைன்னா பெல்ட் இல்லாம மேடை ஏற மாட்டேன்." லாரிசாவும் ஒரு வாரம் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறாள். ஆகவே பெட்டிக்குள் பெல்ட்டைத் தேட வேண்டாம், பழம் மட்டும்தான் இருக்கும். பெல்ட் அவள் பையில் இருக்கிறது. பையைத் தொட எனக்கு அனுமதி இல்லை.