கிருமிக்கு வந்த மாற்றல் உத்தரவு

விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்குக் கிழக்கே நாலு தெரு. அந்த நாலு தெருச் சாக்கடையும் வீரம்மாளின் கீரைப்பாத்தி வழியாகத்தான் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், வாயால் சொல்லக் கூடாத தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. கீரை முறம் முறமாக விளைந்தது. எந்தத் தண்ணீரில் விளைகிறது என்று யாரும் கேட்டதில்லை. தெரிந்துகொண்டு யார் சாப்பிடுவது?

அறுபத்து மூன்றாம் வருஷம் அங்கே சாக்கடைத் தழைச்சத்து நீக்கல் தனி ஆபீஸ் என்று ஒன்று திறந்தார்கள். அதிகாரி சக்கரபாணி சீமைப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாத்தி வரப்பில் வந்து நின்றார்.

"இந்தத் தண்ணீரில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. ஏரியில் கலந்தால் பாசி படரும், மீன் சாகும்" என்றார்.

"நம்ம ஏரியில பாசியே இல்லீங்களே ஐயா. நடுவுல என் கீரை அந்தச் சத்தத் தின்னுடுதுங்க."

"சத்தைத் தின்று நீக்கும் அதிகாரம் தொட்டியில் வளர்க்கும் கிருமிகளுக்கு மட்டுமே உண்டு. கீரை நீக்கினால் அது அத்துமீறல்."

ஒரே மாதத்தில் பாத்திக்கு மேற்புறம் தொட்டி கட்டிச் சாக்கடையை அதில் திருப்பிவிட்டார்கள். கீரை தலை சாய்ந்தது. வீரம்மாளுக்கும் அவள் இரண்டு பெண்களுக்கும் அந்தப் பாத்திதான் சோறு. அவளுக்கு உலை வைக்கக் கை வரவில்லை.

தொட்டி ஆயிற்று, கிருமி வேண்டுமே. திண்டிவனத்துத் தொட்டியில் வேலை பழகிய கிருமிகள் இருந்தன. அவற்றை விழுப்புரத்துக்கு மாற்றி முறைப்படி உத்தரவு போனது. மூன்று மாதத்துக்கு மேல் ஒரே தொட்டியில் இருந்தால் கிருமிகள் உள்ளூர்ச் செல்வாக்கைச் சேர்த்துக்கொள்ளும் என்பது ஆபீஸ் விதி.

பியூன் தேவசகாயம் திண்டிவனத்துச் சேற்றை ஒரு பானையில் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். விக்கிரவாண்டி வருவதற்குள் கண்டக்டருக்கு மூக்கு தாங்கவில்லை. ஆளையும் பானையையும் சேர்த்து இறக்கிவிட்டார். இறங்குகிற அவசரத்தில் பானை உடைந்தது. தேவசகாயம் புதுப்பானை ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே வீரம்மாளிடம் வந்தான்.

"அக்கா, உன் வாய்க்கா சேத்துல ஒரு பானை குடு. அதிகாரி எண்ணிப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவாராம்."

"கிருமியையா எண்ணுவாரு?"

"பானையை."

"தர்றேன். தொட்டியிலேர்ந்து என் பாத்திக்கு ஒரு வாய்க்கா வெட்டி உடு."

"ஆர்டர் இல்லாம எப்டிக்கா?"

"ஆர்டர் வாங்கிக்கினுதான் பானைய ஒடைச்சியா?"

தேவசகாயம் மண்வெட்டியை எடுத்தான். கீரை மூன்றாம் நாளே நிமிர்ந்தது.

கிருமிகளுக்கு முதலில் காற்று வேண்டும், பிறகு காற்றே கூடாது, அப்போதுதான் சத்து ஆவியாகிப் போகும் என்று புத்தகத்தில் இருந்தது. அதன்படி, தொட்டிக்கு மேல் போட்ட கீற்றுத் தட்டியைத் தேவசகாயம் பத்து மணிக்குத் திறப்பான், ஐந்து மணிக்கு மூடுவான். ஞாயிறு கிருமிகளுக்கு விடுமுறை. ஆகவே அன்று நாலு தெருவிலும் யாரும் குளிக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

மூன்றாம் மாதம் ஏரி முகப்பில் தண்ணீரைச் சோதித்தார்கள். துளி சத்து இல்லை. பாராட்டுவதற்காக மதராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். வந்தவர் வாய்க்காலைப் பார்த்தார், அது போகிற வழியையும் பார்த்தார்.

"சத்தை எடுத்தது யார்?"

"என் கீரைதாங்க" என்றாள் வீரம்மாள்.

சக்கரபாணி சீமைப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பெரிய அதிகாரி கண்ணை மூடி யோசித்தார்.

"வேலை நடந்திருக்கிறது. விதிப்படி கிருமிதான் அதைச் செய்ய முடியும். ஆகவே இந்தம்மாள் கிருமி. தற்காலிகம் என்று எழுதிக்கொள்ளும்."

"ஐயா, நான் மனுசிங்க."

"அது உங்கள் சொந்த விஷயம்."

"கிருமின்னு எழுதினா தண்ணிய நிறுத்த மாட்டீங்களே?"

"கிருமிக்குத் தண்ணீரை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை."

வீரம்மாள் கைநாட்டு வைத்தாள்.

மூன்று மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு உத்தரவு வந்தது. தற்காலிகக் கிருமி வீரம்மாள் உடனே திண்டிவனத்துத் தொட்டியில் சேர வேண்டும். விழுப்புரத்தில் காலியாகும் கிருமி இடத்துக்கு மனுக்கள் வரவேற்கப்படுகின்றன.

நியாயம் கேட்க மறுநாள் ஆபீசுக்கு ஓடினாள். வாசலில் கூட்டம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவர்கள், முகையூரிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பி வந்தவர்கள், சிபாரிசுக் கடிதம் வைத்திருந்தவர்கள் என்று முந்நூறு பேர் இருக்கும். வரிசை ஆபீஸ் வாசலில் தொடங்கி, தொட்டியைச் சுற்றிக்கொண்டு, அவள் பாத்திக்குள் போய் முடிந்திருந்தது. ஒரு கீரைத் தண்டுகூட நிமிர்ந்து நிற்கவில்லை.

"பாத்திய மிதிக்காதீங்கய்யா."

கடைசியில் நின்றவர், இஸ்திரி போட்ட சட்டைக்காரர், திரும்பிப் பார்த்தார். "கவர்மெண்டு வேலை கெடைக்கிற நேரத்துல வந்து கீரை, கீரைன்னுக்கினு. போம்மா அப்பால."

அவர் கையில் தூக்குச்சட்டி இருந்தது. அதில், மதியச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, வீரம்மாளிடம் முந்தின நாள் வாங்கிக் கடைந்த கீரை.