இப்போ எதுண்ணே கட்டு?

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கையையும் ஓட்டியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டிய ‘கட்’ அண்ணன்.

மின்சாரம் போனால் கட். தலைமுடி வெட்டினால் கட். பொண்டாட்டி கோபித்துக்கொண்டால், “வூட்ல பேச்சு கட்டு சார், மூணு நாளாச்சி.” மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த நான் தினமும் அந்த ஜீப்பில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்தேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதல பாதாளம். நடுவில் டிரைவர் ‘கட்’ என்றால் எப்படி இருக்கும்?

ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் திடீரென்று, “ஐயோ, கட் ஆயிடுச்சி!” என்று கத்தினார். பக்கத்தில் இருந்த நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தில் பாதி தூரம் போய்விட்டார். “இன்னாண்ணே கட்டு?” என்றேன்.

“டவர் கட்டு சார். மச்சான் பேசிக்கினு இருந்தான்.”

சிஸ்டர் டிபன் பையால் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

பிறகு ஒரு மழைநாள். மாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம், பத்துப் பேர். அண்ணனின் வலது கால் இரண்டு மூன்று முறை பொத்தென்று மிதித்தது. முணுமுணுத்தார்: “கட்டு.”

“இப்போ எதுண்ணே?” சிஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“பாட்டு கட்டு சிஸ்டர். கெட்டியா புடிச்சிக்கினு குந்துங்க.”

ஆனால் ஜீப் ஸ்பீக்கரில் பாட்டு பாடிக்கொண்டேதான் இருந்தது.

வண்டி வேகமெடுத்தது. அண்ணன் கியரைக் கடகடவென்று குறைத்து, பாறைப் பக்கமாகவே ஜீப்பை உரசவிட்டார். தகரம் கிழியும் சத்தம். பின்னால் ஒரே அலறல். அடுத்த வளைவில் ரோடு போடக் கொட்டி வைத்திருந்த மண்குவியலில் முகத்தைக் குத்தி நின்றது வண்டி.

“பிரேக்குன்னு சொல்லக்கூடாதாண்ணே?” என்றேன்.

“சொன்னா குதிப்பீங்க சார். குதிச்சா பள்ளம்.”

எல்லாரும் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் விடுபடவே இல்லை. சிஸ்டர்தான் அழுதுகொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.

மறுநாள் வேறொரு டிரைவரின் புத்தம்புது ஜீப் ஒன்று வந்து நின்று ஆரன் அடித்தது. பட்டறையிலிருந்து அண்ணன் வண்டி வரும்வரை எங்களில் ஒருவரும் அதில் ஏறவில்லை.