யாரு தைச்சது இந்த முழுக்கை ஜாக்கெட்?

தையல் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில், போனில் நாலு வீடியோ பார்த்து, துணி வெட்ட ஒரு பேட்டர்னை இறக்கி வைத்துக்கொண்டு, "இதுக்குப் போயா டெய்லர் கடையில நிக்கிறீங்க?" என்று நம்மை மேலும் கீழும் பார்க்கிற இனம் ஒன்று உண்டே, அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'நானேதான்' இனம். திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒன்றாவது தேறும். எங்கள் தெருவுக்கு ஸ்ரீமதி. எனக்குப் பக்கத்து வீடு. என் தலையெழுத்து!

இந்த இனம் துணி தைப்பது உடுத்திக்கொள்ள என்றா நினைக்கிறீர்கள்? "யாரு தைச்சது?" என்று ஒரு ஆள் கேட்க வேண்டும். "நானேதான்" என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஜென்ம சாபல்யம். ஸ்ரீமதிக்கு அந்த ஒரு ஆள் அவளுடைய நாத்தனார் வீரலட்சுமி. தீபாவளிக்கு வந்த இடத்தில், நாலு பேருக்கு முன்னால், "நம்ம ஸ்ரீமதிக்கு ஊசியில நூலு கோக்கவே ஒரு ஆளு வேணும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார் அந்த அம்மாள். அன்றைக்கு ஏறிய கோபம் இறங்கவே இல்லை. வீரலட்சுமி மகளின் வளைகாப்புக்குத் தன் கையால் தைத்த முழுக்கை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகணும், அந்த நாத்தனார் மதினியே வாயைத் திறந்து கேட்கணும். சபதம்! வைகாசி வெயிலில் முழுக்கை எதற்கம்மா என்றேன். "அரைக்கைன்னா பாதிப் பேருதானக்கா கவனிப்பாங்க?" என்றாள். கணக்கு சரிதானே?

பேட்டர்னை ஜெராக்ஸ் கடையில் தாள் தாளாக எடுத்து வந்து, ஹால் முழுக்கப் பரப்பி, டேப் போட்டு ஒட்டி, காகிதம் பறக்கும் என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்தி, "செத்த நேரம்தாங்க" என்று புருஷன் முருகன் கையில் சோற்றுத் தட்டைக் கொடுத்து வாசலுக்கு அனுப்பினாள் பாருங்கள், அந்தச் செத்த நேரம் ஒரு வாரம் ஓடியது. பாவம், வேர்க்க விறுவிறுக்க நின்றபடியே சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் தீர்ந்தால் கேட்கவும் பயம். உள்ளே போனால் பேட்டர்னின் முதுகுப் பக்கத்தை மிதித்துவிடுவாராம்.

கைக்கு ஒரே காகிதம்தான். அதைத் துணியில் வைத்து ஒரு கையை வெட்டினாள். அதே காகிதத்தை அப்படியே தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். துணியோ ஒரு பக்கம் மட்டும் புள்ளி அச்சடித்த துணி. காகிதத்தைத் திருப்பிப் போடாமல் வெட்டினால் இரண்டும் வலது கையாக அல்லவா விழும்?

"ஏ ஸ்ரீமதி, பேப்பரைத் திருப்பிப் போடு ஆத்தா."

"பேட்டர்ன்ல அப்படிப் போடலையேக்கா."

"ஒனக்கு ரெண்டும் வலது கையா?"

"உங்க காலத்து முறை வேறக்கா."

எங்க காலமாம்! எனக்கும் அவளுக்கும் மூணே வயதுதான் வித்தியாசம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயை மூடிக்கொண்டு அவள் போட்ட காப்பியைக் குடித்தேன். கத்தரி ஓடிவிட்டது.

தைத்துப் போட்டுப் பார்த்தாள். வலது கை சொன்னபடி கேட்டது. இடது கையை முன்னால் நீட்டினால் முதுகு பிடித்து இழுத்தது. பின்னால் கட்டிக்கொண்டால் மட்டும் சுகமாக இருந்தது. "ஃபிட்டிங்னா இப்படித்தானக்கா இருக்கும். லூசா இருக்க இது என்ன நைட்டியா?" என்றாள். இதற்கு மேல் பேச நான் யார்?

வளைகாப்பு ரெட்டியார்சத்திரத்தில், ஒரு மண்டபத்தில். என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். இடது கையைப் பின்னால் கட்டியபடி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி நடந்தாள் ஸ்ரீமதி. "ஸ்ஸ், என்னா வெக்கை! முழுக்கை வேற!" என்று எட்டூருக்குக் கேட்கப் புலம்பினாள். எல்லாரும் சேலையைத்தான் கேட்டார்கள். சின்னாளபட்டியா? சாயம் போகுமா? ஒருத்தி மட்டும், "பின்னால என்னத்த ஒளிச்சு வச்சிருக்க, கிஃப்ட்டா?" என்றாள். ஜாக்கெட்டைக் கேட்க நாதியில்லை. எனக்கே மனசு கேட்கவில்லை போங்கள்.

அப்போதுதான் மேடையிலிருந்து வீரலட்சுமி கூப்பிட்டார். "ஏ ஸ்ரீமதி, தாய்மாமன் பொண்டாட்டி நீதான மொதல்ல வளையல் போடணும். வா!"

போனாள். வலது கையாலேயே வளையலை ஏற்றப் பார்த்தாள். அது பிள்ளைத்தாய்ச்சியின் கட்டைவிரலைத் தாண்ட மாட்டேன் என்றது. "கண்ணாடி வளையலுடி, ரெண்டு கையாலயும் பதனமாப் போடு!" என்று மதினி அதட்ட, இடது கை முன்னால் வந்தது. மைக் செட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது இன்னும் தொடங்காத நேரம்.

டர்ர்ர்ர்.

தோளிலிருந்து முதுகு வரைக்கும் போச்சு. வீரலட்சுமி எழுந்தார், குனிந்து பார்த்தார், மூக்கில் விரலை வைத்தார். பிறகு, தீபாவளியிலிருந்து ஸ்ரீமதி காத்துக் கிடந்த அந்தக் கேள்வியை, அட்சரம் பிசகாமல், மண்டபமே கேட்கக் கேட்டார்.

"யாரு தைச்சது?"

சொல்லிவிடு தாயி, ஆனது ஆகட்டும் என்று நான் உள்ளுக்குள் துடிக்கிறேன். ஸ்ரீமதி மெதுவாகத் திரும்பினாள். நன்றாக இருந்த வலது கை கூட்டத்துக்குள் நீண்டு என்னைக் காட்டியது.

"இந்தா நிக்கிறாங்களே, எங்க பக்கத்து வீட்டு அக்கா. வேணாம் வேணாம்னேன் மதினி, கேக்கவே மாட்டேன்னுட்டாங்க."

"ஏம்மா, தெரியாத வேலைய எதுக்கும்மா இழுத்துப் போட்டுச் செய்யிறீங்க?" என்றார் வீரலட்சுமி என்னைப் பார்த்து. அத்தனை சனமும் என்னைப் பார்த்தது. பந்திக்கு முன்னாலேயே கேட்டு வாங்கி வாயில் போட்டிருந்த புளிசாதத்தை நான் அவசரமாக விழுங்கினேன். பந்தியில் அந்தப் புளிசாதத்தை யாரோ பிரமாதம் என்று புகழ, கிழிந்த தோளைச் சேலையால் மூடிக்கொண்டு ஒரு குரல் வந்தது: "பக்குவம் சொன்னது நானேதான்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பைக்கோடு சறுக்கி விழுந்தீர்களே, எழுந்ததும் ரோட்டைத்தானே திட்டினீர்கள்? வீட்டில் ரசம் வாய்த்த அன்றைக்கு அது உங்கள் கைப்பக்குவம், வாய்க்காத அன்றைக்குப் புளி சரியில்லை, அப்படித்தானே? எதற்கும் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். எங்கேயாவது டர்ர் என்று கேட்டால், புண்ணியமாகப் போகும், பக்கத்து வீட்டைப் பார்த்துக் கையை நீட்டாதீர்கள். அங்கே என்னை மாதிரி ஒருத்தி காப்பி குடித்துக்கொண்டிருப்பாள்.