பத்து வயது குறைக்கும் பலகை

புத்தூர் தமிழருக்கா தெலுங்கருக்கா என்று தலைவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம். இரண்டு பாஷைக்காரர்களும் அடித்துக்கொள்ளாமல் ஒன்றாக நின்ற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். இளமைச் சாமியார் மடத்து வரிசை!

மூன்றே நாள் சூரணம் தின்றால் பத்து வயது குறையுமாம். சாமியாருக்கே நூற்றுப்பத்து வயதாம், பார்த்தால் நாற்பதுதான். அவர் பிறந்ததைப் பார்த்தவர் யாருமில்லை, அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

முதல் நாள் 'கன்னியர் வலம்'. ஒன்பது சிறுமிகளுக்கு நடுவே பலகையில் உட்கார வேண்டும். கூட்டம் வயதைச் சொல்லும். மூன்றாம் நாள் 'மூத்தோர் ஆசி'. அதே மாதிரி இன்னொரு பலகை, இரு பக்கமும் பல் போன ஒன்பது கிழவிகள். கூட்டம் மறுபடி சொல்லும். சாமியார் காட்சி தருவதும் இந்தக் கிழவிகள் நடுவில்தான். ஒரு வேளைச் சோற்றுக்கு ஆசி வழங்கினார்கள், பாவம்.

நகரிப் பக்கத்து விவசாயி அப்பாவு தன் மகள் தாட்சாயணியை அழைத்து வந்திருந்தார். வயது முப்பது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். இருபத்தைந்துக்கு மேல் ஆகவே ஆகாது என்பது மாப்பிள்ளை வீட்டுக் கட்டளை.

முதல் நாள் கூட்டம், "முப்பத்தஞ்சு!" என்றது. மூன்றாம் நாள், "இருபத்தஞ்சு!" என்று அதிர்ந்தது. அப்பாவு கண்கலங்கி, செத்துப்போன மனைவியின் தங்க வளையல்களைக் காணிக்கைத் தட்டில் வைக்கப் போனார்.

"அண்ணா, வளையலைக் கையிலயே வெச்சுக்க."

குறுக்கே வந்தவள் மடத்து வாசலில் மாம்பழம் விற்கும் ஜெயம்மா. "நான் எந்தச் சூரணமும் துன்னல. என்னையும் குந்த வெச்சுப் பாருங்க."

கிழவிகள் நடுவே உட்கார்ந்தாள். "முப்பத்தஞ்சு!" என்றது கூட்டம். எழுந்து போய், அன்று முதல் நாளுக்கு வந்தவர்களுக்காக இருந்த சிறுமிகள் நடுவே உட்கார்ந்தாள். "அம்பது!" என்றன அதே வாய்கள்.

"இன்னாய்யா இது? எழுந்து குந்தறதுக்குள்ள பதினஞ்சு வயசு ஏறிப்போச்சா? வதங்கின பழத்து நடுவுல வெச்சா எந்தப் பழமும் தளதளன்னுதான் தெரியும். நான் தினம் கூடையில பண்ணிக்கினு இருக்கறத இந்தாளு பலகையில பண்றான்!"

"அபசாரம்! இது தெய்வ காரியம்!" என்று சாமியார் குதித்தார்.

"அப்போ நீங்களும் இப்படி வந்து குந்துங்க சாமி. நூத்திப்பத்து வயசுக்கு இன்னா பயம்?"

சாமியார் கொல்லைப்பக்கம் பார்த்தார். கூட்டம் விடவில்லை, இழுத்து வந்து சிறுமிகள் நடுவே உட்கார வைத்தது. சுருங்கிய கழுத்து தெரிந்தது. காதோரம் சாயம் போன நரை தெரிந்தது.

"அறுபது!" என்றார்கள் எல்லோரும். பக்தி இறங்கியதும் கண் நன்றாகத் தெரிகிறது பாருங்கள்!

அப்பாவு வளையல்களைத் துண்டில் முடிந்தார். முகம் மட்டும் தெளியவில்லை. "வெள்ளிக்கெழமை இன்னாம்மா சொல்றது?" என்று மகளைக் கேட்டார்.

"முப்பதுன்னே சொல்லு நைனா," என்றாள் தாட்சாயணி அப்பாவிடம். "மாப்ளைக்கு எத்தினி வயசுன்னு நீ கேட்டியா?"

அப்பாவு கேட்டிருக்கவில்லை. அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

ஊராரே, பெண்ணைத்தான் இத்தனை நாள் பலகையில் உட்கார வைத்து வயது பார்த்தீர்கள். உங்கள் புத்தியையும் ஒரு தடவை உட்கார வைத்துப் பாருங்கள், அதற்கு என்ன வயது என்று!