கார்டுக்கு ஒரு நட்சத்திரம்

எந்தப் பட்டியலிலும் நம் பெயர் கீழே கிடந்தால் அந்தப் பட்டியல் அநியாயம். மேலே ஏறிவிட்டால் அதே பட்டியல் தராசு முள்ளைப் போல நேர்மையானது. இதை அவரவர் எங்கெங்கோ கற்றுக்கொள்கிறார்கள். நான் ஒரு ரேஷன் கடையில், வேலை போய்விடுமோ என்று பயந்தபடி கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கொல்லிமலையில், தேவனூர் நாடு என்று சொல்லும் பகுதியில் இருந்த ஒரு சின்ன ஊரின் ரேஷன் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்திருந்தேன். வீடு மலையடிவாரத்தில், சேந்தமங்கலத்தில். அப்பா இல்லை. அம்மாவுக்கும் எனக்கும் அந்த வேலைதான் சோறு. முதல் ஒரு வருடம் தற்காலிகம், பெரிய புகார் ஒன்று வந்தால் போதும், வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. பஸ் மலையேறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் வளைவில் கண்ணை மூடினால் கடைசி வளைவு தாண்டித்தான் திறப்பேன். (அந்த மலையின் அழகைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். முன்சீட்டுக் கம்பியின் அழகைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன்.)

இப்படிப்பட்டவளுக்கு எழுத்தாசை வேறு. ‘மேகநிலா’ என்று ஒரு புனைபெயர். இணையத்தில் ஒரு எழுத்துத் தளத்தில் ‘பனியில் கரைந்த பாதங்கள்’ என்று தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதை நடப்பது மலையில். நாயகன் கோட்டு போட்டுக்கொண்டு பியானோ வாசிப்பான். நாயகி ஜன்னலோரம் நின்று அழுவாள். என் கடைக்கு எதிரே ஊரே மண்வெட்டியோடு மரவள்ளிக் காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், நான் உள்ளே உட்கார்ந்து பியானோவைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தத் தளத்தில் வாராவாரம் முதல் பக்கத்தில் ‘சிறப்புப் படைப்புகள்’ என்று பத்து கதைகளைப் போடுவார்கள், வரிசை மணிக்கு மணி மாறும். பதினோரு அத்தியாயம் எழுதியும் அந்தப் பக்கம் என் தலை தெரியவில்லை. என் வாசகர்கள் ஒன்பது பேர். (அதில் நான்கு பேர் நானே. அம்மாவின் போன், பக்கத்து வீட்டு போன் என்று வெவ்வேறு அவதாரங்கள்.) முதல் பத்தில் இருப்பவர்கள் எல்லாம் சொந்தபந்தத்தைத் திரட்டி நட்சத்திரம் போட வைக்கிறார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. பொங்கிப்போய்த் தளத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். தரவரிசை என்ற பெயரில் நடக்கும் அநீதி, உண்மையான எழுத்துக்கு இருட்டடிப்பு என்றெல்லாம் வெளுத்து வாங்கியிருந்தேன். மூன்று வரியில் பதில் வந்தது. வாசகர்கள் தரும் நட்சத்திரங்களையும் கருத்துகளையும் வைத்து இயந்திரமே வரிசைப்படுத்துகிறது, இதில் மனிதக் கை படுவதில்லை என்று. முறுக்குப் பாக்கெட்டில் ‘கை படாமல் தயாரித்தது’ என்று போடுவது மாதிரி போட்டிருந்தார்கள்.

அப்படியானால் எனக்கு வேண்டியது வாசகர்கள்தானே?

இந்த இடத்தில் எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரேகை வைக்கும் மிஷினுக்கு டவர் கிடைத்தால்தான் பில் போட முடியும். பனி இறங்கிவிட்டால் டவர் போய்விடும். எல்லாரும் கடை முன்னால் இருக்கும் பலா மரத்தடியில் கார்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். டவர் வந்ததும் முதலில் எழுந்து வருவது வெள்ளையம்மா அக்கா. மரவள்ளியும் மிளகும் போட்டிருப்பவர். அவர் பேசினால் எதிர்ச் சரிவில் மேயும் மாடு நிமிர்ந்து பார்க்கும். அவருடைய மகன் திருப்பூரிலிருந்து ஒரு பெரிய போன் வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஒரு நாள் அவர் ரேகை வைத்து முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தேன்.

“அக்கா, ஒரு உதவிங்க்கா. உங்க போன்ல நான் ஒரு கதை எடுத்துத் தாரேன். அதுக்குக் கீழ அஞ்சு நட்சத்திரம் இருக்கும். அமுக்கி உடுவீங்களா?”

அக்கா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த கார்டைப் பார்த்தார்.

“ஏனுங் கண்ணு, இது கார்டுக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நகைச்சுவை உணர்வு உள்ளவள் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், “கார்டுக்கு ஒண்ணு போதுங்க்கா” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே ஜோக் அதுதான். அதன் பிறகு சொன்னதில்லை.

“நட்சத்திரத்துக்குக் கீழ என்னமோ கட்டம் இருக்குதே?”

“அதுல உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லலாங்க்கா. எழுத வேண்டியதில்ல. இந்த மைக்க அமுக்கிட்டுப் பேசினாலே போதும், அதுவா எழுதிக்கும்.”

“யாரு படிப்பாங்க?”

“எல்லாரும் படிப்பாங்க. நெறையப் பேர் எழுதினா மேல போகும்” என்றேன். பட்டியலில் மேலே என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

மறுநாள் கடைக்கு வந்தபோது பலா மரத்தடியில் திருவிழாக் கூட்டம். ரேஷன் போடும் நாள்கூட இல்லை. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். போன் இல்லாதவர்கள் போன் இருப்பவர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். நடுவில் வெள்ளையம்மா அக்கா நின்று, ஒவ்வொருவர் கார்டையும் சரிபார்த்து, நட்சத்திரம் போட வைத்து, போனை வாயருகில் பிடித்து, “சொல்லு, சத்தமாச் சொல்லு” என்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். நான் செய்தது, உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு தளத்தைத் திறந்து பார்த்தது. எங்கோ கிடந்த என் கதை அறுபதுக்கு வந்து, முப்பதுக்கு வந்து, மதியத்துக்குள் முதல் பத்தில் நுழைந்தது. மூன்று மணிக்கு முதலிடம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஆனந்தக் கண்ணீர் விட்டேன். இயந்திரத்துக்கு எவ்வளவு நேர்மை, எவ்வளவு ரசனை என்று மனம் உருகியது.

கருத்துகளைப் படிக்க வேண்டும் என்று சாயங்காலப் பஸ்ஸில்தான் தோன்றியது.

பதினோராம் அத்தியாயம் இப்படி முடிந்திருந்தது: ‘மூடுபனியில் அவன் உருவம் மறைந்தது. அவள் உதடுகள் முணுமுணுத்தன, மீண்டும் எப்போது?’ அதற்குக் கீழே முதல் கருத்து: ‘ரெண்டு மாசமா பாமாயில் வரலீங்க எப்ப வரும்னு சொல்லுங்க.’ அடுத்தது: ‘துவரம் பருப்பு பாதிப் பேருக்குத்தான் கிடைச்சுது மீதிப் பேரு என்ன பாவம் பண்ணுனோம்.’ இன்னொருவர் தன் மருமகள் பெயரைக் கார்டில் சேர்க்கச் சொல்லியிருந்தார். ஒருவர் ஊருக்கு ரோடு கேட்டிருந்தார். நூற்றுச் சொச்சம் கருத்துகள், எல்லாவற்றிலும் ஊர்ப் பெயர், கார்டு எண், போன் எண். கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இல்லை, ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து யாரோ ஒரு வாசகர், ‘கதைமாந்தர்களே பின்னூட்டத்தில் வந்து பேசும் துணிச்சலான புதுமுயற்சி!’ என்று எழுதியிருந்தார். அதை எழுபது பேர் விரும்பியிருந்தார்கள்.

அன்றைக்கு முதல்முறையாக வளைவுகளில் என் கண் திறந்திருந்தது. மூட மறந்துபோனது. மலையிலிருந்து விழுவதைவிடப் பெரிய வீழ்ச்சி ஒன்று எனக்குக் காத்திருந்ததால் பள்ளத்தைப் பற்றிய பயம் எங்கோ போய்விட்டது.

வீட்டுக்குப் போனதும் கதையை நீக்கப் பார்த்தேன். ‘சிறப்புப் பட்டியலில் உள்ள படைப்பை அந்த வாரம் முடியும்வரை நீக்க இயலாது’ என்று வந்தது. சரி, மக்களையே அழிக்கச் சொல்வோம் என்று ஒவ்வொரு கருத்துக்குக் கீழும் ‘ஐயா, தயவுசெய்து இதை நீக்கிவிடுங்கள்’ என்று பதில் போட்டேன். இருபது பதில் போட்ட பிறகுதான், என் பதில்களையும் இயந்திரம் கருத்தாகவே எண்ணுகிறது என்பது தெரிந்தது. இரண்டாமிடத்துக்கும் எனக்கும் இருந்த தூரம் மேலும் கூடியிருந்தது. பட்டியல் அநியாயம் என்று மறுபடியும் கடிதம் எழுதலாமா என்று நினைத்தேன். முதலிடத்தில் இருப்பவள் அப்படி எழுதினால் யார் நம்புவார்கள்?

“என்னடி, சாப்பிடாம போனையே பாத்துட்டிருக்க?” என்றார் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா. கதை முதலிடம் வந்திருக்கு.”

“அதுக்கு ஏன் எழவு விழுந்த மாதிரி இருக்க?”

மூன்றாம் நாள் மலைக்குக் கீழே இருக்கும் வழங்கல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. “நாளைக்குப் பத்து மணிக்கு அய்யா உங்க கடைக்கு வர்றார்மா. ஆய்வு. எல்லா ரிஜிஸ்டரும் எடுத்து வைங்க.” ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. மறுநாள் கிளம்பும்போது சாமி மாடத்தில் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டேன், கொஞ்சத்தைப் பொட்டலம் கட்டி ஜாக்கெட்டில் சொருகிக்கொண்டேன். இந்த வேலை போனால் அம்மா மறுபடியும் அடுத்த வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவார். அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஒரு பியானோக்காரனுக்காக அம்மாவை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேனே என்று என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். சிரிக்காத முகம். கையில் ஒரு கத்தைத் தாள். எல்லாக் கருத்துகளையும் அச்சடித்து எடுத்து வந்திருந்தார். யாருக்கோ யாரோ அனுப்பி அலுவலகம் முழுக்கப் போயிருக்கிறது. ரேஷனுக்குக் காத்திருந்த கூட்டம் பலா மரத்தடியில் எழுந்து நின்றது.

“யாரு இந்த மேகநிலா?” என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வெள்ளையம்மா அக்காவின் குரல், எதிர்ச் சரிவு மாட்டுக்கும் கேட்கும்படி வந்தது.

“இந்த அம்மிணிதானுங்க! தங்கமான புள்ளைங்க!”

அதிகாரி என் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “நட்சத்திரம் போட்டாத்தான் அரிசின்னு இவங்க சொன்னாங்களா?”

என் வேலை அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. காளியண்ணன் என்று ஒரு பெரியவர், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, கை கூப்பி முன்னே வந்தார்.

“அரிசிக்கு இல்லீங்க. பாமாயிலுக்குத்தானுங்க.”

தராசைப் பிடித்துக்கொண்டேன். அது என் எடையில் பாதியைக் காட்டியது.

“அட, நீங்க சும்மா இருங்கண்ணா!” என்று அக்கா அவரைத் தள்ளிவிட்டு முன்னே வந்தார். “அந்தப் புள்ள யாரையும் மிரட்டலீங்க. கட்டத்துல சொன்னா மேல போகும்னுச்சு. கீழ வந்து மனுக் குடுக்கோணும்னா எங்களுக்கு ஒரு நாள் பொழப்புப் போயிருமுங்க. அதான் எல்லாரும் சொல்லிப் போட்டோம். மேல போயிருச்சில்லீங்க? நீங்களே வந்துட்டீங்களே!”

அதிகாரி கையிலிருந்த கத்தையைப் பிரித்தார். தாள்களைப் புரட்டினார். தாள் புரளும் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. பயந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, யாரும் கேட்காததையும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

“நான்தான் சார் கேட்டேன். என் கதைக்காகத்தான் கேட்டேன். கார்டுக்கு ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன். விளையாட்டுக்குச் சொன்னேன் சார். இவங்கமேல தப்பில்ல” என்று அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், சரக்கை எண்ணினார், எல்லாம் சரியாக இருந்தது. “எழுத்துமூலமா வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வாரம் மூன்று விஷயங்கள் மலையேறின. முதலில் பாமாயில். பாமாயில் லாரி வரும் ரோட்டில் மண் சரிந்திருந்ததாம், லாரியைப் பஸ் வரும் பாதையிலேயே அனுப்பியிருந்தார்கள். ஊரே கதையைக் கொண்டாடியது. (படிக்காமல்தான்.) இரண்டாவது, தளத்திலிருந்து கடிதம். ஒரே இடத்திலிருந்து நட்சத்திரங்கள் குவிந்ததால், ‘தரவரிசையின் நியாயத்தைக் காக்கும்பொருட்டு’ என் கதையை நீக்கிவிட்டார்களாம். மூன்றாவது, மெமோ.

கவரைப் பிரிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. பொதுமக்களைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது குறித்து மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும், இனி நிகழ்ந்தால் பணிநீக்கம் என்றிருந்தது. இப்போதைக்கு வேலை போகவில்லை. மறுபடியும் உட்கார்ந்து அழுதேன். பிறகுதான் இரண்டாவது பத்தியைக் கவனித்தேன்:

‘மேலும், மேற்படி தொடர்கதையின் பதினோரு அத்தியாயங்களும் விசாரணையின் பொருட்டு முழுமையாக வாசிக்கப்பட்டன. ஏழாம் அத்தியாயம் தேவையின்றி நீண்டுள்ளது. கதாநாயகன் மலையில் எவ்வித வேலையும் செய்வதாகத் தெரியவில்லை. இது குறித்தும் விளக்கம் அளிக்கவும்.’

என் கதையை முதலிலிருந்து கடைசிவரை படித்த ஒரே வாசகர் அந்த அதிகாரிதான். கீழே கிடந்தபோதும் முதலிடத்தில் இருந்தபோதும் அந்தப் பட்டியல் என் எழுத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முத்திரை குத்தி வந்த அந்த இரண்டு வரிகளில் ஒரு பொய்யும் இல்லை. முதல் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டாவதற்கு, ‘கதாநாயகன் வேலையற்றவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு வேலை நிரந்தரமாயிற்று. கல்யாணமும் ஆயிற்று. மெமோ கதையை மாப்பிள்ளை வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிய அம்மா, முதல் தீபாவளிக்கே மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் எந்தக் குறையையும் வாயால் சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்ததும் காலண்டர் தாளைக் கிழித்து எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிடுவார். ‘இன்றைய உப்புமா முழுமையாக உண்ணப்பட்டது. உப்பு இருப்பதாகத் தெரியவில்லை. மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.’ கீழே சாட்சிக் கையெழுத்து, எங்களோடேயே இருக்கும் அம்மாவுடையது.

படிக்கும்போது நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். ஆனால் ‘மூன்று நாட்களுக்குள்’ என்ற இடம் வந்ததும் கை தானாகப் பேனாவைத் தேடும். இதுவரை ஒரு விளக்கத்தையும் நான் தாமதமாகக் கொடுத்ததில்லை.